வீட்டைத் தூக்குவதா, ரோட்டை இறக்குவதா

ஆகஸ்ட் 11, திங்கள்

வைரவன் வந்து வீட்டை அளந்துவிட்டுப் போனார். வீடு தூக்கும் கம்பெனியின் ஆள். அஸ்திவாரத்தை ஒட்டிப் பள்ளம் எடுத்து, சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் வீடு அப்படியே மேலே வரும். அடியில் செங்கல் கட்டி நிரப்பிவிடுவார்கள். எனக்கே பாடம் நடத்தினார். நான் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சொந்த வீட்டில் வருஷா வருஷம் சாக்கடைத் தண்ணீரை வாளியில் அள்ளுகிற ஆர்க்கிடெக்ட் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும்.

"மூணு அடி தூக்கிட்லாம் மேடம். தீபாவளிக்குள்ள முடிச்சிக் குட்துர்றேன்" என்றார். செந்தில் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். கல்யாணத்தன்றுகூட இந்த மனிதர் இப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எல்லாம் ரோட்டால் வந்த வினை. இந்த மயிலாப்பூர் சந்துக்குக் குடிவந்தபோது வாசலில் இரண்டு படி ஏறி உள்ளே போனோம். ரோடு போடுகிற ஒவ்வொரு தடவையும் பழையதன் மேலேயே இன்னொரு அடுக்கு. இப்போது ஒரு படி இறங்கி உள்ளே போகிறோம். மழை பெய்தால் தண்ணீருக்கும் அதே வழிதான்.

கிளம்பும் நேரத்தில் வைரவன் இடதுபக்கச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இது யாரு சொவரு?"

"ரெண்டு வீட்டுக்கும் பொது."

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, செந்திலைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார்.

ஆகஸ்ட் 13, புதன்

ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்ததை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக விற்றிருக்கிறார்கள். தூக்கினால் இரண்டையும் சேர்த்துத் தூக்க வேண்டும். இல்லையென்றால் மெஷின் வைத்து எங்கள் கூரையை அந்தச் சுவரிலிருந்து அறுத்துப் பிரித்து, எங்கள் பக்கம் புதுச் சுவர் கட்டிக்கொண்டு நாங்கள் மட்டும் மேலே போகலாம்.

சுவருக்கு அந்தப் பக்கம் அஸ்மத்துன்னிசா அக்காவும் பீர் முஹம்மது பாயும். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறார்கள். முன்னறைதான் கடை. பாய்க்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எடை தூக்கக் கூடாது. ஆட்டோவில் வருகிற மெஷினை அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்கள். வாசல் மூன்று அடி உயர்ந்துவிட்டால் அந்தக் கடையை மூட வேண்டியதுதான்.

சாயங்காலம் போய்ச் சொன்னேன். அக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"நாங்க எங்கப்பா தூக்கறது? பொழப்பே வாசல்லதான் கீது. நீ தூக்கிக்கோ அன்பு. உன்ன நான் எதுக்குத் தடுக்கப் போறேன்?"

கோபம் இல்லை, குத்தல் இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டைத் தூக்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

செந்தில் நாள் குறித்துவிட்டார். செப்டம்பர் கடைசியில் ஜாக்கி வருகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மேஸ்திரிகள் செய்வது போல நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பித் தெரு முழுக்க மட்டம் பார்த்தேன். ஒரு முனை என் கையில், மறுமுனை செந்தில் கையில். "ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் வேலையா" என்று முனகிக்கொண்டே பிடித்தார்.

சந்தில் ஆறு வீடுகள் ஏற்கெனவே மேலே ஏறிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கார் ஏற ஒரு சிமெண்ட் சரிவு. முன்பு அந்த வாசல்களிலும் முற்றங்களிலும் தேங்கி மண்ணுக்குள் இறங்கிய தண்ணீருக்கு இப்போது போக்கிடம் இல்லை. மிச்சம் இருக்கிற பள்ளம் எங்கள் வீடும் அக்கா வீடும். நாங்களும் ஏறிவிட்டால் மொத்தச் சந்தின் தண்ணீருக்கும் ஒரே வாசல்தான், அக்கா வாசல்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். வைரவன் டேப்பை விரித்தபோதே தெரியும். குழாயைப் பிடித்துப் பார்க்கும்வரை தெரியாத மாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அடையாற்றங்கரையில் ஒரு கிளையண்டுக்குத் தூண்கள்மேல் வீடு வரைந்து கொடுத்திருக்கிறேன். வெள்ளம் வந்தால் அடியில் புகுந்து போய்விடும். மதில் வேண்டும், நிலத்தை நிரவி உயர்த்த வேண்டும் என்று அடம்பிடித்தார். "சார், உங்க மனையில தண்ணி வேண்டாம்னா அது யார் மனைக்குப் போகும்னு யோசிங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது என் மேலேயே எரிச்சலாக வந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

வார்டு அலுவலகத்துக்குப் போனேன். உதவிப் பொறியாளர் சண்முகவேல். பொறுமையான மனிதர், எதிரே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். எங்கள் சந்துக்கு மழைக்கு முன்னால் புது ரோடு வருகிறதாம்.

"பழசை எடுத்துட்டுதான் போடணும்னு ஆர்டர்லயே இருக்கு மேடம். உங்க சந்துல இருக்கற அடுக்கெல்லாம் எடுத்தா ஒன்றரை அடி இறங்கும். ஆனா போன மாசம் ஒரு தெருவுல ரோட்டைச் சுரண்டற மெஷினைக் கொண்டு போனோம், ஜனங்க முன்னாடி நின்னு மறிச்சிட்டாங்க."

"யாரு?"

"வீட்டைத் தூக்கினவங்கதான். ரோடு இறங்கினா அவங்க வாசல் அந்தரத்துல நிக்கும்ல? உங்க ஆளுங்க எல்லாரும் ஒத்துக்கிட்டா சொல்லுங்க, மெஷின் அனுப்பறேன்."

வீட்டுக்கு வந்ததும் செந்திலிடம் சொன்னேன். ரோடு இறங்கினால் நாம் தூக்கவே வேண்டாம், அக்கா வீடும் தப்பிக்கும்.

"இறங்கலைன்னா?"

"தூக்கறதை கொஞ்சம் தள்ளிப் போடலாம்னுதான் சொல்றேன்."

"மழை தள்ளிப் போடுமா? போன வருஷம் நீ சைட்ல இருந்த. கக்கூஸ் வழியா மேல வந்த தண்ணிய அள்ளினது நான்."

உண்மை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு இரண்டு நாள் அள்ளினார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வீடு வீடாகப் போனேன். கதவைச் சாத்துவார்கள் என்று நினைத்தேன், ஆளாளுக்குக் காபி கொடுத்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: குருபிரசாத் சார் சரி என்றால் எங்களுக்கும் சரி.

எதிர்வீட்டு குருபிரசாத் சார்தான் இந்தச் சந்தில் முதலில் வீட்டைத் தூக்கியவர். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். வடிகால் வாய்மேல் அவர் போட்டிருக்கும் கார் சரிவைப் பற்றி நாலு கேள்வி வைத்திருந்தேன்.

அவர் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளறையைக் காட்டினார். ஷீலா மாமி சக்கர நாற்காலியில், வலது கை மடியில் கிடந்தது. பக்கவாதம் வந்தது தெரியும். இவ்வளவு என்று தெரியாது. எதிர்வீடு, தெரியாது.

"இப்பவே எங்காத்து வாசல் மலை மாதிரி இருக்கு. போன தடவை ஆஸ்பத்திரிக்கு நாலு பேர் தூக்கிண்டு இறங்கினா. இன்னும் ஒன்றரை அடி இறக்கினா நான் இவளை எப்படிம்மா வெளியில கொண்டு போறது? நீ நல்லதுக்குத்தான் கேக்கறே, தெரியறது. என்னால முடியாது."

கொண்டுபோன கேள்விகளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். அந்தச் சரிவில் இறங்கும்போது எனக்கே செருப்பு வழுக்கியது.

செப்டம்பர் 9, செவ்வாய்

செந்தில் பேசவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 13, சனி

ஆபீஸ் வேலையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு சார் வீட்டுக்கு வரைந்தேன். தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும் சரிவை எடுத்துவிட்டு, மதிலுக்கு உள்ளேயே பக்கவாட்டில் போய், திரும்பி, மறுபடி வாசலுக்கு வருகிற மாதிரி நீளமான சாய்தளம். ஒரே ஆள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிடலாம். ஒரே கஷ்டம், கார் நிறுத்துகிற இடம் போய்விடும்.

சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "கார்?"

"தெருவுலதான் சார்."

"நன்னாருக்கு. யாராத்து வாசல்ல விட்டாலும் மறுநாள் டயர்ல காத்து இருக்காது."

அதுவும் உண்மைதான். எங்கள் சந்தில் சாமி, கட்சி எதற்கும் சண்டை வராது. பார்க்கிங்குக்கு வரும்.

உள்ளே இருந்து ஷீலா மாமி, வார்த்தை வார்த்தையாக, "படத்தை இங்க கொண்டு வா" என்றார். இடது கை விரலால் கோட்டின்மேலேயே மெதுவாகப் போனார். கடைசியில் கேட் வந்ததும் விரல் நின்றது.

"இவர் ஒருத்தர் போறுமா?"

"போதும் மாமி."

அவர் சாரையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் என்னிடம் "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அக்காவிடம் புலம்பினேன். கடைசியில் சார் காரை எங்கே நிறுத்துவது என்பதில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றேன்.

"கார்தானே? எங்க வாசல்ல உட்டுட்டுப் போவட்டும். ஆட்டோலேர்ந்து மெஷின் எறக்கசொல்ல ஒரு கொரல் குட்தா எடுக்க மாட்டாரா?"

பாய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமல், "அவரு கார் நின்னா எவனும் பைக்க கொண்டாந்து போட மாட்டான். நமக்கும் நல்லதுதான்" என்றார்.

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். அக்கா கேட்கவில்லை. துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து சார் வீட்டுச் சரிவில் ஏறிப் போனார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். சார் ஒத்துக்கொண்டாரா என்று கேட்டால், "மாமி எளைச்சிப் போய்ட்டாங்கப்பா, பாக்கவே ஒரு மாதிரி ஆயிடுச்சி" என்கிறார். நான் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான், "ஆங், கார வெச்சிக்கறேன்னாரு" என்றார்.

செப்டம்பர் 17, புதன்

எல்லோரும் சம்மதம். சண்முகவேலிடம் சொல்லிவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில் செந்தில், "வைரவன்கிட்ட இந்த வருஷம் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "உனக்காக இல்ல. படுத்தா பாய் இருமறது கேக்குது. மாத்திரை போட்டாரான்னு அக்கா கேக்கறதும் கேக்குது. அந்தச் சுவத்துல மெஷின் வெக்க எனக்கு மனசு வரலை."

இந்த மனிதரை என்ன செய்வது. சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, மோர் எடுத்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 27, சனி

மெஷின் வந்துவிட்டது. காது போனது, வீடெல்லாம் கருப்புத் தூசு. வெட்டிய ஓரத்தில் ரோடு அடுக்கடுக்காகத் தெரிகிறது. நாம் குடிவந்த வருஷத்து ரோடு எது என்று செந்தில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். தூக்கிய வீடுகளின் சரிவுகளை உடைத்தபோது அடியில் வடிகால் வாய்கள் மண் அடைத்துக் கிடந்தன. சுத்தம் செய்தார்கள்.

மூன்றாம் வீட்டுக்காரர் பலகை போட்டு இறங்கிக்கொண்டே, "ஆர்க்கிடெக்ட் அம்மா, இதுக்கப்புறமும் தண்ணி வந்துச்சு, உங்க வீட்லதான் வந்து படுப்பேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அக்டோபர் 9, வியாழன்

பயமாக இருக்கிறது. புது ரோடு போட்டாகிவிட்டது. எங்கள் இரண்டு படியும் வெளியே வந்துவிட்டன. கணக்கெல்லாம் சரி. ஆனால் கணக்கை மழை படித்திருக்க வேண்டுமே. ஜாக்கி வைத்திருந்தால் இந்நேரம் நான் மட்டும் மேலே பத்திரமாக உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் வந்தால் அக்கா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

செந்தில் மணல் மூட்டை வாங்கி வந்து இரண்டு வாசலிலும் அடுக்கியிருக்கிறார்.

அக்டோபர் 15, புதன்

புதுச் சாய்தளத்தில் ஷீலா மாமி இறங்கினார். சார் ஒருவர்தான் தள்ளினார். ஈரம் காயாத சிமெண்ட் ஓரத்தைத் தொடாதீர்கள் என்று கொத்தனார் கத்துவதை யாரும் காதில் வாங்கவில்லை. தெருவுக்கு வந்ததும் மாமி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். வெயிலில் அப்படியே இருந்தார். சார் குடை எடுக்க ஓடினார்.

அக்டோபர் 21, செவ்வாய்

கனமழை எச்சரிக்கை. சார் காரை மேம்பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தார். அங்கே ஊர்க் கார் முழுக்க நிற்கிறதாம். "என்மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்றேன். "உன்மேல இருக்கும்மா. காருக்கு நீச்சல் தெரியாதோன்னோ" என்றார்.

அக்டோபர் 23, வியாழன்

விடிய விடியக் கொட்டியது. வெளுத்ததும் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சந்தில் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். கீழ்ப்படி மூழ்கியிருந்தது, மேல்படி மூழ்கவில்லை. வடிகால் வாயருகே தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. மணல் மூட்டைக்கு வேலையே வரவில்லை.

அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மழை நாளில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. கதவைத் திறந்து வைத்து, இருவரும் கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். தட்டினேன். பதில் இல்லை. பலமாகத் தட்டினேன். பாய்க்கு ஏதாவது— செந்திலைக் கூப்பிடத் திரும்பினேன்.

கதவு திறந்தது. அக்கா, முடியெல்லாம் கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம்.

"இன்னா அன்பு, காலங்காத்தால?"

"மழைக்கா. ராத்திரி முழுக்க."

என் தோளுக்கு மேலே தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் வீட்டுத் தரையைப் பார்த்தார்.

"பெஞ்சுதா?" என்றார். "நாங்க தூங்கிட்டோம்பா."