ஊசிக்கல் காட்டுக்கு வராதே

பெகோபாகா
3 ஜூன் 2003

அன்புள்ள வுலாசுவாவுக்கு,

நீயும் மகளும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எனக்குக் குறை ஒன்றுமில்லை. மழைக்காலம் முடிந்து சாலை திறந்துவிட்டது. முந்தாநாள் லஹிமேனாவின் லாரி, கூரை வரைக்கும் சேறு பூசிக்கொண்டு, மனம்போலோ ஆற்றின் அக்கரையில் நின்று ஹாரன் அடித்ததும் ஊரே கரைக்கு ஓடியது. உப்பும் சோப்பும் உன் கடிதமும் ஆறு மாதம் கழித்து ஒரே நாளில் வந்தன. நீ கொடுத்தனுப்பிய கருவாடு பாதிதான் வந்தது. கேட்டால் "எலி தின்னுடுச்சு அண்ணே" என்கிறான். அந்த எலிக்கு மீசை இருக்கிறது, லாரியும் ஓட்டுகிறது.

இன்று இந்த வருடத்தின் முதல் பயணிகளை ஊசிக்கல் காட்டுக்கு ஏற்றிப் போனேன். மழை கழுவிவிட்ட பிறகு அது எப்படி இருக்கும் என்று உனக்கு எழுதி எழுதிக் கை சலிக்கவில்லை. கீழே, தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கிற இருட்டுப் பிளவுகள். அங்கே மரங்கள் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக மேலே மேலே போகின்றன. ஏணிகளில் ஏறி உச்சிக்கு வந்தால் சாம்பல் நிறக் கல் முனைகள், ஆயிரமாயிரம், கால் வைக்க இடமில்லாமல் வானத்தை நோக்கி நிற்கின்றன. அதன் மேல் வெள்ளை லெமூர் ஒன்று குட்டியை முதுகில் கட்டிக்கொண்டு தாவுகிறது. ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டார், "இத யாருப்பா செதுக்கினது?" நான் சொன்னேன், "மழைதான் சார். வேலை இன்னும் முடியல." எல்லோரும் சிரித்தார்கள்.

ஃபீதியாவுக்கு முத்தம்.

பெத்சாரா


மொரொந்தாவா
20 ஜூன் 2003

ஃபீதியாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் மகள் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் வகுப்பில் வாசித்துவிட்டு வந்தாள். இப்போது மூன்றாம் வகுப்பு முழுவதும் லெமூராகத் தாவிக்கொண்டிருக்கிறது. அடக்க வேண்டியது டீச்சராகிய நான்.

எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. பள்ளி விட்டதும் கடற்கரையோடு நடக்கிறேன், கழிமுகம் வந்து வழி முடியும்வரை. முடிந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்புகிறேன். மீன் காயப்போடும் பெண்கள், "டீச்சர், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். தெரியவில்லை என்று சொல்லத்தான் வாய் வருகிறது.

நமக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். நீங்கள் அங்கே போய் ஆறு வருடம். ஜெர்மனியிலிருந்து வந்த எழுபது வயதுப் பல் டாக்டரை ஏற்றிக்கொண்டு போனேன் என்று போன வருடம் எழுதினீர்கள். அவர் பல்லுக்கு இருந்த தைரியம் என் காலுக்கு இல்லையா? ஆகஸ்டில் பள்ளிக்கு லீவு. நானும் ஏறிப் பார்க்க வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும்.

வுலாசுவா


பெகோபாகா
10 ஜூலை 2003

அன்புள்ள வுலாசுவாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. இந்த வருடம் வேண்டாம். ஆகஸ்டில் இங்கே வெயில் கல்லைச் சுட வைத்துவிடும். உனக்கு முழங்கால் வலி வேறு. படுக்க ஒழுங்கான கட்டில்கூட இல்லை. அது மட்டுமல்ல, என்னை வடக்கே ஒரு புதுப் பாதை பார்க்க அனுப்பினாலும் அனுப்புவார்கள். நீ வந்து நான் இல்லாமல் போனால்?

அதற்குப் பதில் ஒன்று சொல்கிறேன் கேள். உச்சியில் சில கற்களை விரல் முட்டியால் தட்டினால் வெண்கலம் போல மணி ஓசை வரும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சுருதி. நேற்று ஃபீதியாவை நினைத்துக்கொண்டு ஏழெட்டுக் கற்களைத் தட்டினேன். அவளிடம் சொல்.

அடுத்த வருடம் கட்டாயம் பார்க்கலாம். இப்போது வராதே.

பெத்சாரா


மொரொந்தாவா
24 ஜூலை 2003

ஃபீதியாவின் அப்பாவுக்கு,

எனக்கு முழங்கால் வலி இல்லை. அது உங்கள் அம்மாவுக்கு.

லஹிமேனாவின் லாரியில் ஆகஸ்ட் நான்காம் தேதிக்கு முன்சீட்டு சொல்லிவிட்டேன். ஃபீதியா என் அக்கா வீட்டில் இருப்பாள். லஹிமேனாவிடம், "அண்ணன் என்னை உச்சிக்குக் கூட்டிட்டுப் போவாரா பாரு" என்றேன். அவன் ஒரு மாதிரி சிரித்தான். "அண்ணனா? அவரு ஆத்தங்கரையிலதானே அக்கா இருப்பாரு. மேல எங்க போறாரு?" என்றான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு டயரைப் பார்க்கப் போய்விட்டான்.

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. நேரில் சொல்லுங்கள்.

வுலாசுவா


பெகோபாகா
7 ஆகஸ்ட் 2003

ஃபீதியாவின் அப்பாவுக்கு,

உங்கள் அறையில், உங்கள் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சட்டி கழுவாமல் கிடந்தது. சோறு ஒட்டியிருந்தது. நான் வந்து சேர்வதற்கு முதல் நாள் கிளம்பிவிட்டீர்கள் என்று கணக்குப் போட அதுவே போதும்.

படகுத்துறையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் உங்களோடு வேலை செய்த எலியான்தான் என்னை உட்கார வைத்து, வடிகஞ்சி கொடுத்துவிட்டுப் பேசினாள். நல்ல பெண். நேராகப் பேசுகிறாள். "அண்ணி, அவரு மேல ஏறி மூணு வருஷமாச்சு. ஆத்துல கார் ஏத்துற மிதவைக்குக் கயிறு இழுக்குறாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்" என்றாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு செப்டம்பரில் ஒருவர் விழுந்து இறந்தாராமே. மஜுங்காவிலிருந்து வந்த மருந்துக்கடைக்காரர். கூட்டிக்கொண்டு போனவர் நீங்கள். இடுப்புப் பட்டையைக் கம்பியோடு பிணைக்கிற இரண்டு கொக்கியையும் அவரே அவசரப்பட்டுக் கழற்றிவிட்டார் என்று விசாரணையில் முடித்தார்களாம். உங்கள் மேல் தப்பில்லை என்றார்களாம். அப்படியிருந்தும் நீங்கள் மறுநாளே இடுப்புப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டீர்களாம்.

அந்த மாதம் எனக்கு என்ன எழுதினீர்கள் தெரியுமா? பாறை இடுக்கில் பூத்த ஒரு மஞ்சள் பூவைப் பற்றி. அந்தக் கடிதத்தை நான் வைத்திருக்கிறேன்.

மூன்று வருடம் ஏறாத இடத்திலிருந்து எனக்கு எழுதினீர்கள். கயிறு இழுப்பது கேவலம் என்று நான் எப்போதாவது சொன்னேனா? என்னிடம் மறைக்க அதில் என்ன இருக்கிறது? வேறு ஏதோ இருக்கிறது. அதைச் சொல்லுங்கள்.

எலியான் நாளை என்னை மேலே கூட்டிப் போகிறாள்.

வுலாசுவா


மொரொந்தாவா
15 ஆகஸ்ட் 2003

வுலாசுவா,

நம் வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். உன் கடிதத்தை லஹிமேனா இங்கே கொண்டுவந்து கொடுத்தான். நீ அங்கே இருக்கும்போது ஒளிந்துகொள்ள எனக்கு இதைவிடப் பத்திரமான இடம் தோன்றவில்லை. வரும் வழியில் பேலோ படகுத்துறையில் உன் லாரி எதிரே நின்றது. நீ இறங்கி வாழைக்காய் அப்பம் வாங்கினாய். நீல முண்டு கட்டியிருந்தாய். நான் வேனுக்குள் அரிசி மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர், "என்ன தம்பி, கடன்காரனா?" என்றார். ஆமாம் என்றேன்.

சொல்கிறேன். இதை எலியானுக்கோ விசாரித்தவர்களுக்கோ நான் சொன்னதில்லை.

அவர் பெயர் அந்த்ரியாஸ். நாற்பது வயது. பின்னாலேயே அவர் மனைவி ஏணியில் நின்றாள். அவளுக்கும் பின்னால் இன்னொரு கூட்டம், "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டிருந்தது. கொக்கியை மாட்டுவதற்காகப் பாறையோடு இழுத்துக் கட்டிய ஒரு கம்பி முடிந்து அடுத்த கம்பி தொடங்கும் இடம் அது. ஒரு கொக்கியை மாற்றி மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும். அவருக்கு மாட்டத் தெரியவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டையும் கழட்டிட்டு ஒரே எட்டா வந்துடுங்க சார், நான் புடிச்சுக்கிறேன்" என்றேன்.

அவர் என்னை நம்பிக் கழற்றினார். நான் பிடிக்கவில்லை.

அவர் மனைவி கத்தவில்லை. ஏணியில் நின்றபடியே, "அவரு எங்க?" என்று கேட்டாள். இரண்டு முறை கேட்டாள். மாலையில் விசாரிக்க வந்தவர், "அவரா கழட்டினாரா?" என்றார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு தலையாட்டல்.

அதன் பிறகு உன்னை அந்த ஏணியில் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் இடத்தில்தான் நீ நின்றாய். அதனால்தான் வராதே வராதே என்று எழுதினேன். மேலே இருப்பதாக எழுதியது ஏன் என்றால், நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டது மேலே ஏறுகிறவனைப் பற்றி.

பத்திரமாக இறங்கினாயா? அதை மட்டுமாவது எழுது.

பெத்சாரா


பெகோபாகா
2 செப்டம்பர் 2003

ஃபீதியாவின் அப்பாவுக்கு,

இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று முறை ஏறியும்விட்டேன்.

முதல் தடவை உச்சிக்கு வந்ததும் விரல் முட்டியால் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தேன். கற்களைப் பற்றி நீங்கள் எழுதிய எதுவும் பொய்யில்லை. ஆனால் நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அங்கே நிற்கும்போது பயமும் சந்தோஷமும் தனித்தனியாக இல்லை. காற்று கற்களுக்குள் புகுந்து முனகுகிறது. இத்தனை வருடம் கடற்கரையில் வழி முடிந்த இடத்தில் நான் எதற்காக நின்றேன் என்று அங்கே புரிந்தது. இன்னும் போக வேண்டும் என்று நின்றிருக்கிறேன். அலைகிறவர் நீங்கள், வீட்டில் இருக்கிறவள் நான் என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

எலியான் அந்த இடத்தையும் காட்டினாள். இறந்தவர்கள் இருக்கும் பக்கம் விரலை நீட்டக்கூடாது என்று மடக்கிக் காட்டினாள். உங்கள் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை. வந்த பிறகு நான் தனியாகப் போய் அங்கே உட்கார்ந்தேன்.

உங்களைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். பயந்ததற்காக எனக்குக் கோபமில்லை. பயந்தவனோடு குடும்பம் நடத்தலாம். இறந்துபோனவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு எனக்குப் பூவைப் பற்றி எழுதினீர்களே, அதோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்றுதான் தெரியவில்லை.

இங்கே மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் வேண்டுமாம். கேட்டார்கள். சரி என்றேன். மழைக்காலத்திலும் இங்கேதான் இருப்பேன். அக்டோபரில் பள்ளி திறக்கிறது. ஃபீதியாவுக்கு அங்கே பரீட்சை ஒன்று பாக்கி. முடியும்வரை அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் அவளுக்குப் பால் ஆறாமல் கொடுத்தால் குடிக்க மாட்டாள்.

இறந்தவரின் மனைவி பெயர் விக்டரின். பழைய பதிவேட்டிலிருந்து முகவரியை எலியான் எழுதிக் கொடுத்தாள். இத்தோடு வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பதிலாக நான் எழுத மாட்டேன். முதலில் அவளுக்கு எழுதுங்கள். எனக்கு அதற்குப் பிறகு.

வுலாசுவா


மொரொந்தாவா
18 நவம்பர் 2003

அன்புள்ள வுலாசுவாவுக்கு,

இரண்டரை மாதம் உனக்கு எழுதவில்லை. விக்டரினுக்கு எழுதத் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் நலம் விசாரிப்பதோடு பேனா நின்றுவிட்டது. அவளிடம் நலம் விசாரிக்க நான் யார்? கடைசியில் ஒரு நாள் அந்த வரியை விட்டுவிட்டு நேராகத் தொடங்கினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. விசாரணை நடத்திய அலுவலகத்துக்கும் அதையே எழுதிப் போட்டேன். அங்கிருந்து கூப்பிடுவார்கள். போவேன்.

நேற்று அவள் பதில் வந்தது. நான்கு வரி. உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

"நீங்கள் அவரிடம் சொன்னதை ஏணியில் நின்று நானும் கேட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்களாகச் சொல்வீர்களா என்று மூன்று வருடம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலை திறந்ததும் வருவேன், அவர் பார்க்க ஆசைப்பட்டதை நான் பார்க்க வேண்டும்."

படித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். ஃபீதியா வந்து, "அப்பா, ஏன்ப்பா அழுவுற? யாராச்சும் அடிச்சாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எல்லாவற்றையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன், நான் இவ்வளவு நாள் ஏறவில்லை என்பதையும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்போ அந்த லெமூரு?" என்றாள். அது நிஜம்தான், ரொம்ப நாளைக்கு முன்னால் பார்த்தது என்றேன். "சரி" என்று விளையாடப் போய்விட்டாள்.

நான் இனி ஏறுவேனா என்று தெரியவில்லை. ஏறுவேன் என்று உனக்கு எழுதமாட்டேன். விக்டரினை எலியான் கூட்டிப் போகட்டும். அவளை ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டு சேர்ப்பது என் வேலை.

மழைக்கு முன்னால் கடைசி லாரி நாளை கிளம்புகிறது. பரீட்சை முடிந்துவிட்டது. ஃபீதியா தன் பையைக் கட்டி, பிரித்து, மறுபடி கட்டியிருக்கிறாள். இந்தக் கடிதத்தை லஹிமேனாவிடம் கொடுக்கவில்லை, நானே கொண்டுவருகிறேன். மகளை உள்ளே அனுப்பிவிட்டு, இதை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை வெளியே நிற்பேன். அவசரமில்லை, இரண்டு தடவைகூடப் படி.

நாங்கள் வந்து சேர்ந்த மறுநாள் காலை லாரி திரும்புகிறது. அதில் எனக்கு இடம் சொல்லி வைக்கவில்லை. நீ போகச் சொன்னால் சொல்லிக்கொள்கிறேன்.

பெத்சாரா