ஒன்றரை அங்குல டயர்

சேசு மரி சூசை துணை

நல்லம்பள்ளி
12-2-1973

பெங்களூர் சைக்கிள் கடையில் வேலை செய்யும் என் பேரன் பிலவேந்திரனுக்கு, உன் ஆயா இன்னாசியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டு எழுதுவது. மூணாங்கிளாஸ் எழுத்து, கோணலாக இருக்கும், பொறுத்துப் படி. காய்ச்சல் விட்டதா? இங்கே சிவப்பு மாடு சினை. ராகி பரவாயில்லை.

இடுப்பெலும்பு இன்னும் கூடவில்லை. கன்னியாஸ்திரிமார் ஆஸ்பத்திரியில் கொடுத்த வெளிநாட்டு மூணு சக்கர வண்டியைக் கையால் சுற்றிக்கொண்டு கோயிலுக்காவது போய்வந்தேன். முன் டயர் கிழிந்ததிலிருந்து மாட்டுக் கொட்டாய் அறைதான். ஜன்னலைத் திறந்தால் எருமை முதுகு.

உன் சித்தப்பன் சவரி புது டயர் வாங்கிவந்தான். ரிம்மைக் கொண்டாங்க, வைத்துப் பார்த்துத் தருகிறேன் என்று கடைக்கார மாதப்பன் சொன்னாராம். கிழவி என்ன ரேசுக்கா போறா, இருபத்தாறுன்னா இருபத்தாறுதான், குடுய்யா என்றானாம் இவன். பக்கத்து வூட்டுச் செல்லி கேட்டு வந்து சொன்னாள். மாட்டினால் தொளதொள. காற்றடிக்க அடிக்க டயரின் ஓரம் ரிம்மைவிட்டு ஏறி, டியூப் கழலை மாதிரிப் பிதுங்கி வெடித்தது. பழைய டயரில் 26 x 1½. புதுசில் 26 x 1⅜. முன் எண் ஒன்றானாலும் உள்வட்டம் வேறாம், உனக்குத் தெரியாததா? மாற்றிக்கொண்டு வாடா என்றால், கல்யாணம் முடியட்டும் என்கிறான்.

அந்தக் கல்யாணத்துக்குத்தான் எனக்கு டயர் வேண்டும். உன் தங்கச்சி லூர்துமேரிக்குப் பேசியிருக்கும் ராஜாமணிக்குக் கோலாரில் பெண்டாட்டி இருக்கிறாள். பெயர் சாலம்மாள். ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டில். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் கஞ்சி கொண்டுவருவான். அவனுக்குக் கிழிந்த இடது காது. ஒரு முகத்தைப் பார்த்தால் நான் மறப்பதில்லை, ஒரு பேச்சையும் மறப்பதில்லை. பெண் பார்க்க வந்தபோது என்னைக் கண்டதும் துண்டைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

சவரியிடம் சொன்னேன். விழுந்ததில் உனக்கு மூளை கலங்கிப்போச்சு என்றான். வாக்குக் கொடுத்துவிட்டானாம். நீயும் சம்மதம் என்று ஒரு கார்டு போட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அதுவும் என் மனசில் இருக்கிறது.

கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது. தடை தெரிந்தவர்கள் உண்டா என்று பங்குச் சாமியார் கேட்பார். செல்லியிடம் சொல்லி அனுப்பினேன். கிழவிக்குப் புத்தி சரியில்லை என்று சவரி முந்திக்கொண்டான். அப்படியானால் பாட்டியே நேரில் வந்து சொல்லட்டும் என்றாராம் சாமியார். என்னைத் தூக்கிப்போக இந்த வூட்டில் யாருக்கும் கை வரவில்லை. அன்றைக்கு என்னை உள்ளே வைத்துப் பூட்டினாலும் பூட்டுவார்கள்.

லூர்துமேரி ராத்திரி என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். அப்பன் இல்லாத பிள்ளை.

ஒன்றரை, மறக்காதே. சனிக்கிழமை சேலம் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பு. செல்லி ரோட்டில் நின்று வாங்கிக்கொள்வாள். அந்த அளவு அங்கேயும் இல்லையென்றால் கடை கடையாய்த் தேடிக்கொண்டு நிற்காதே. நீயே வந்துவிடு. டயர் இல்லாவிட்டால் போகிறது, வெறும் ரிம்மிலேயே என்னைத் தள்ளிக்கொண்டு போ. ரிம் நெளிந்தால் நெளியட்டும்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், அவளையும்.

உன் ஆயா
இன்னாசியம்மாள்