பூசைக்குக் கழுவிய மெஷின்

சிதம்பரம், ஆஸ்பத்திரியிலிருந்து

அன்பு மகள் தமிழினிக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் பக்கிரி மாமாவுக்குத் தாடை உடைந்து கம்பி கட்டியிருக்கிறார்கள், இடது கையும் முறிந்துவிட்டது, குழாய் வழியாகத்தான் கஞ்சி. அவர் வேலை பார்க்கும் கடலூர் கம்பெனியில் ஆயுத பூசைக்கு மெஷின்களைக் கழுவியபோது, நீ உருவாக்கி அங்கே வைத்த மெஷினையும் கழுவிவிட்டார். பாய்லர் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்க, ரேடியேட்டர் மாதிரித் தகடுகளில் ஏதோ மாவு பூசியிருக்கிறாயே, உள்ளே குழாயில் குளிர்ந்த தண்ணீர் ஓடினால் பிடிக்கும், சுடுதண்ணீர் ஓடினால் விட்டுவிடும் என்று போனில் சொன்னாயே, அதுதான். கடல்காற்றில் உப்புப் பூத்திருக்கிறது என்று நினைத்துச் சோப்புத்தூள் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, மாவு மொத்தமும் போய் அலுமினியம் பளபளத்ததும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். நம்ம புள்ள மெஷினாச்சே என்று அதை மட்டும் ரெண்டு தடவை தேய்த்தாராம்.

சூப்பர்வைசர் ஸ்ரீதர் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினான். யார் என்று கேட்காமலே, செஞ்சவனைச் சும்மா விடாதீங்க சார் என்று பதில் போட்டாயாமே! அந்தப் பாவி அதைப் படித்துவிட்டு இரும்புக் குழாயை எடுத்தான். கீழே விழுந்தவரை பூட்ஸ் காலால் மிதித்தானாம். சந்தனக் கையோடுதான் இங்கே கொண்டு வந்தார்கள்.

எனக்கு வயிறு எரிகிறது தமிழினி. பூசைக்குக் கழுவுவார்கள் என்று உனக்குமா தெரியாது? வருஷா வருஷம் என் டிராக்டரைக் கழுவிப் பொட்டு வைத்தவள்தானே நீ? தண்ணீர் படக் கூடாது என்று ஒரு போர்டு மாட்டச் சொல்ல வாய் வரவில்லையா?

போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று, பொறுடா என்றால் உன் தம்பி பாலகுமார் கேட்கவில்லை. அக்கா சொல்லித்தான் அடிச்சேன்னு அந்த ஸ்ரீதர் ஊரெல்லாம் சொல்றான்ப்பா, மொதல்ல அவன், அப்புறம் அவ என்கிறான். கொடுவாளைப் பிடுங்கப் போனேன், நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான், முழங்கை கிழிந்தது. அப்படியும் பிடுங்கிக் கிணற்றில் போட்டேன்.

கழுவக் கூடாது என்று யாரிடமும் சொல்லாமல் விட்டது என் தப்பு, மாமா மேல் தப்பில்லை என்று நீ கம்பெனிக்கு எழுது. அதற்கு முன்னால் தம்பிக்குப் போன் செய், எடுக்காவிட்டாலும் விடாதே. வாய் திறக்க முடியாத மாமா, புள்ள கோவமா இருக்குதா என்று கையைக் காட்டிக் காட்டிக் கேட்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இரு. சம்பளத்தைவிட நிதானம் உனக்கு நிறையக் கிடைக்கட்டும். போன் செய்ய மறக்காதே. பாலகுமார் இன்று காலை பண்ருட்டிக்குப் போய்ப் புதுக் கொடுவாள் வாங்கி வந்துவிட்டான்.

உன் அப்பா,
கலியமூர்த்தி