கிணற்றடிப் பப்பாளியும் சுரக்குடிப் போத்தும்

2.7.81, வியாழன்

காலையிலிருந்தே மேல்காற்று. கொடியில் போட்ட புடவை இரண்டு முறை மண்ணில் விழுந்து, இரண்டு முறை அலசல். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு நோட்டுகள் இன்னும் திருத்தவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கொல்லைச் சுவரில் ஒரு முருங்கைப் போத்து, நடுவதற்கு வெட்டிய கிளை, சாய்ந்து நிற்கிறது. கை மொத்தம், ஆள் உயரம். ரெஜினா அண்ணி பால்காரரிடம் சொல்லி சுரக்குடியிலிருந்து வரவழைத்தாராம். கிணற்றடிப் பப்பாளியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் இதை ஊன்ற வேண்டுமாம். யாரைக் கேட்டு? பப்பாளியை வைத்தவள் நான். தண்ணீர் ஊற்றியவள் நான்.

அண்ணி இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, அக்கா. மாமியார் இல்லாத வீட்டில் மாமியார். கல்யாணமாகி நான்கு வருடம், இன்னும் இது அவர் வீடு, நான் வந்து போகிறவள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மே கடைசியில் எனக்குக் கலைந்தது. மூன்றாம் மாதம். பப்பாளிதான் கலைத்ததாம். அதாவது, பப்பாளி தின்ற நான்.

இன்றைக்கு இவ்வளவு போதும்.

4.7.81, சனி

அரை நாள் பள்ளிக்கூடம். தலைவலி. சுக்குப் பற்று.

கோபத்தை ஒதுக்கிவைத்து நியாயமாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ப. என்றால் பப்பாளி, மு. என்றால் முருங்கை.

இடம்: ஒன்றே ஒன்று. குளிக்கிற தண்ணீர் வந்து விழும் மூலை. மற்றதெல்லாம் மணலும் உப்பும். போன வருடம் வைத்த கத்தரி கருகிப் போனது.

ப.: விதை போட வேண்டும். ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது. நான்கு வைத்ததில் மூன்று ஆண். பிடுங்கிப் போட்டேன். தேறியது இது ஒன்றுதான்.

மு.: போத்தை ஊன்றி, தலையில் சாணி உருண்டை வைத்தால் முடிந்தது. ஆண் பெண் தகராறு இல்லை.

ப.: பத்து மாதத்தில் காய். இப்போது மரத்தில் பதினெட்டு. காயில் கூட்டு, பழத்துக்கு அடுப்பே வேண்டாம்.

மு.: கீரை, பூ, காய். வருடம் முழுக்கக் குழம்புக்குக் கவலையில்லை. கீரை ஆய உட்கார்ந்தால் எனக்குப் பள்ளிக்கூடம் போய்விடும். அண்ணி ஆய்வாரா? ஆய்வார். அதைச் சொல்லிக்காட்டவும் செய்வார்.

மு.: கம்பளிப்பூச்சி. மழைக்காலத்தில் சுவரெல்லாம் அதுதான். நினைத்தாலே அரிக்கிறது.

காற்று: இரண்டும் முறியும். இந்த ஊர்க் காற்றில் எதுதான் முறியாது?

கூட்டிக் கழித்துப் பார்த்தால் மு.தான் மேல். பொய் சொல்லக் கூடாது. அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் குழியை நானே வெட்டியிருப்பேன். தண்டனையாகக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தால்? முருங்கைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

5.7.81, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, தலத்தெரு முனைவீட்டுக்காரம்மா அண்ணியிடம் என்னைப் பற்றி விசாரிக்கிறார். ஒடம்பு தேவலையா என்று. நான் முக்காட்டை மடித்துக்கொண்டு இரண்டு அடி தள்ளி நிற்கிறேன். அண்ணி குரலைத் தாழ்த்தவில்லை.

"என்னத்த சொல்றது. வாயக் கட்டத் தெரியல. ஆசப்பட்டுத் தின்னுட்டா."

வாயைக் கட்டத் தெரியவில்லையாம். கட்டியிருப்பதால்தான் இந்த வீடு இன்னும் அமைதியாக இருக்கிறது.

யார் நறுக்கிக் கொடுத்தது? எங்கேயாவது ஓரிடத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். இவர். எனக்கு வாந்தி, நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. அண்ணி திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பழுத்ததாகப் பார்த்து இவரே பறித்தார், இவரே தோல் சீவினார், விதையை வழித்து எறிந்து மிளகாய்த்தூள் உப்பு தூவி, தட்டில் வைத்துக் கொடுத்தார். கொஞ்சமாவது சாப்பிடு என்று கெஞ்சினார். மூன்று துண்டு. நன்றாக இருந்தது. அன்று இவரை எவ்வளவு பிடித்தது.

பிறகு ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். பழுத்தது ஒன்றும் செய்யாது, இது பலருக்குத் தானாக ஆகிறதுதான், உன் தப்பு இல்லை என்றார். இவர் கையில் பிளாஸ்க்குடன் பக்கத்தில் நின்றிருந்தார். காதில் விழுந்தது. தலையைக்கூட ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை இல்லை. கொடுத்தது நான்தான் என்றும் இல்லை, டாக்டரம்மா சொன்னதும் இல்லை. அண்ணி ஆரம்பித்தால் இவர் செருப்பைத் தேடுகிறார். ஐந்து வாரமாகத் தேடுகிறார்.

8.7.81, புதன்

மழை வருவதுபோல் கருத்து, ஒன்றும் இல்லை. சாக்பீஸ் பெட்டியில் பாதி உடைசல். சுள்ளென்று ஒரு பிள்ளையை அடித்துவிட்டேன். காரணம் ஒன்றுமில்லை. பிறகு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். வெட்கம்.

சாப்பாட்டு நேரத்தில் தனம் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுரக்குடிக்காரி. அவர்கள் வீட்டிலும் மசக்கைக்காரிக்குப் பப்பாளி காட்ட மாட்டார்களாம். ஆனால் அவள் அம்மா ஒளித்துவைத்துத் தின்பாளாம், நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து. "நாங்க அஞ்சு பேரு பொறந்தோம். அஞ்சும் கல்லு மாதிரி" என்றாள். சிரித்துவிட்டேன். கலைந்த பிறகு முதல் சிரிப்பு.

அப்புறம் அவள் கேட்டாள், ஒன் வூட்டுக்காரருக்கு வாய் என்ன ஆச்சு என்று.

சாயங்காலம் இவர் சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது கேட்டேன். அக்காவிடம் சொல்லுங்கள், அவ்வளவுதான், மரம் போனால் போகட்டும் என்றேன். பம்பை விடவில்லை.

"அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல. இப்ப எதுக்கு அதப் போட்டுக் கெளறிக்கிட்டு."

உடம்பு சரியில்லாத அக்கா காலையில் ஆறு இட்லி.

இவருக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டார். வந்த வரனையெல்லாம் தள்ளிவிட்டு அண்ணி வளர்த்தார். ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும், நானும் மதிக்கிறேன். அந்த நன்றியை இவர் தன் முதுகில் சுமக்கட்டும். என் முதுகு எதற்கு?

10.7.81, வெள்ளி

கவிச்சி இல்லை. பருப்பும் அப்பளமும். நோட்டு திருத்தி முடித்தேன். ஏழாம் வாய்ப்பாடு ஒன்றுக்கும் வரவில்லை.

எனக்கும் அது ஒரு பிள்ளைதான் என்று இந்த வீட்டில் யாருக்காவது தோன்றியதா? பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன். இங்கேகூட எழுத மாட்டேன்.

11.7.81, சனி

மரம் வெட்டுகிற பாய் பட்டினத்திலிருந்து வந்தார். அண்ணிதான் சொல்லி அனுப்பியிருக்கிறார். வயசாளி. கோடாலியைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தார். இரண்டு காய் மஞ்சள் ஓடியிருக்கிறது.

"காய் நிக்கிற மரம்மா. நான் கை வைக்க மாட்டேன்."

தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வாய் சோறும் போட்டிருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது.

அண்ணிக்கும் சங்கடம்தான். காய்க்கிற மரத்தை வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர். தம்பி கையால் வெட்டவிட மனசில்லை. கொஞ்ச நேரம் கிணற்றடியில் நின்று யோசித்துவிட்டு, நட்ட கையே வெட்டினால் தோஷம் இல்லை என்றார். அப்படி ஒரு சாத்திரத்தை நான் கேட்டதே இல்லை.

12.7.81, ஞாயிறு

பூசை. கிழங்கான் மீன் குழம்பு. காற்று நின்று புழுக்கம்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அண்ணி அரிவாளைக் கொண்டுவந்து அம்மிமேல் வைத்தார். "நட்டவ நீ. நீயே வெட்டு. பாவம் ஒன்னோட போவட்டும்."

இவர் நாற்காலியில், முகத்துக்கு முன்னால் பேப்பர். நான் அண்ணியைப் பார்க்கவில்லை. இவரிடம்தான் பேசினேன்.

"நறுக்கிக் குடுத்தது யாருன்னு சொல்லுங்க. சொன்னா இப்பவே வெட்டிடுறேன்."

பேப்பரை மடித்தார்.

"நான்தான்க்கா குடுத்தேன். பழுத்ததுதான். ஒன்னும் பண்ணாதுன்னு டாக்டரம்மாவும் சொன்னாங்க."

சொல்லிவிட்டார். ஆறு வாரமாக நான் சுமந்தது, மூன்று வாக்கியம்.

அண்ணி தம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரல்கூட உயரவில்லை.

"அவன் ஆம்பள. அவனுக்கு என்ன தெரியும். அவன் குடுத்தா நீ திங்கிறதா? வயித்துல வச்சிருந்தவ நீதானே."

இவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். முகத்தில் நிம்மதி. பாவசங்கீர்த்தனம் முடித்து எழுந்து வருகிறவர் முகம். பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சொன்னால் வெட்டுவதாக வாக்குக் கொடுத்தேன், வெட்டவில்லை. வாக்குத் தவறியவள் நான்தான். அதையும் எழுதிவைக்கிறேன்.

அரிவாள் அம்மிமேலேயே கிடந்தது. கடப்பாரையை எடுத்தேன். போத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கூடத்தின் வழியாக, இவர் நாற்காலியை உரசிக்கொண்டு வாசலுக்குப் போனேன். படிக்கு நேர் எதிரே, கதவைத் திறந்தால் முகத்தில் படுகிற இடம். மணல்தானே, சுலபமாகக் குழி விழுந்தது. ஊன்றி, மிதித்து, தெருவில் கிடந்த சாணியை உருட்டித் தலையில் வைத்தேன்.

வாசலில் முருங்கை வைக்கக் கூடாது என்பது இந்தத் தெருவில் எங்களைப் போன்ற வேதக்காரருக்கும் தெரியும், மற்றவர்க்கும் தெரியும். அண்ணி படியிலேயே நின்றுவிட்டார். காலைக் கீழே வைக்கவில்லை.

"வாசல்ல முருங்கையா? இந்தக் குடும்பம் வெளங்குமா?"

"வெளங்கலைன்னா இனிமே இதைக் கேளுங்க அண்ணி. என்னைக் கேக்காதீங்க."

இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.