ஒன்பது துண்டும் ஒரு கத்தியும்

இன்று காலை கடையைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்தபோது கைப்பேசி சிணுங்கியது. நாம் கம்பியூட்டரில் விளையாடிய அந்த விளையாட்டை நடத்துகிறவர்களிடமிருந்து ஓர் அறிவிப்பு. நெடுநாளாக வராதவர்கள் திரும்பி வந்தால் பரிசு தருகிறார்களாம். பரிசு என்ன தெரியுமா? நாம் இரண்டு வருடம் அலைந்த அந்த வாள். முழு வாள். துண்டு பொறுக்கத் தேவையில்லை, உலைக்குப் போகத் தேவையில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். படத்தில் அதன் அலகு நீலமாக மினுங்கியது. நீ இருந்திருந்தால் என்ன தூசணம் சொல்லித் திட்டியிருப்பாய் என்று நினைத்துச் சிரித்தேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இந்தத் தொலைபேசி திருத்தும் கடையைப் போட்ட புதிதில், பின்னறையில் இரண்டு கம்பியூட்டர்களும் வைத்தேன். படிக்கிற பிள்ளைகள் வருவார்கள் என்று எண்ணியிருந்தேன். வந்தவன் நீ. ஒரே ஒழுங்கையில், அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்தோம். நீ தகப்பனின் வள்ளத்தில் ஏறினாய், நான் கடலுக்குப் பயந்து கடைக்குள் ஏறினேன். மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்களெல்லாம் கரையில் கிடந்த மாதங்களில் உனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. "மச்சான், சும்மா இருந்தால் விசர் பிடிக்கும். உந்தப் பேய்ப் பெட்டியில என்ன கிடக்கு, காட்டு" என்று வந்து உட்கார்ந்தாய். கரண்ட் நிற்கும் வரை எழும்பவில்லை. எண்ணெய் வந்து, திரும்பத் தொழிலுக்குப் போன பிறகும் விடவில்லை. மீனை விற்று, குளித்து, ஈரத் தலையோடு பின்னேரம் வந்துவிடுவாய்.

அந்த விளையாட்டின் கதையில் ஓர் அரசன் தன் வாளை ஐந்தாக உடைத்து, ஐந்து பூதங்களிடம் காவலுக்குக் கொடுத்துவிட்டுச் சாகிறான். பூதத்தைக் கொன்றால் துண்டு விழும். எப்போதும் அல்ல. மாதக்கணக்காகக் கொன்றும் விழாமல் போகும். தனி ஆளாகக் கொல்லவும் முடியாது, ஓர் அணி வேண்டும். துண்டு விழுந்தால் அது யாருக்கு என்று அணித் தலைவன் சொல்வான். ஐந்தும் சேர்ந்தவன் அவற்றை ஒரு கொல்லனிடம் கொடுத்து அடிப்பிக்க வேண்டும். அந்தக் கொல்லனும் விளையாடுகிறவர்களில் ஒருவன்தான். ஆனால் அந்தத் தொழிலில் கடைசிப் படிக்கு ஏற, சலிக்காமல் இரும்பு தோண்டி, ஒன்றுக்கும் உதவாத ஆணிகளை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் அணியில் அந்தப் பொறுமை உனக்கு மட்டும்தான் இருந்தது. "வலையில ஓட்டை பொத்துறவனுக்கு உது என்ன பெரிய வேலையோ?" என்பாய்.

அணியில் இருந்தவர்கள் முக்கால்வாசியும் வெளிநாட்டில் பிறந்த எங்கள் நாட்டுத் தமிழரின் பிள்ளைகள். தலைவன் லண்டன்காரன், விளையாட்டில் அவன் பெயர் வேந்தன். அவனுடைய தாய் தகப்பன் எங்களிடமிருந்து நாலு கட்டை தூரம் தள்ளி, தோட்டக் காணி உள்ள குடும்பம். நீ எந்தக் கரை, என்ன சாதி, யாருடைய மகன் என்று வந்த கொஞ்ச நாளிலேயே விசாரித்து வைத்திருந்தான். அதை நாம் பெரிதாக எடுக்கவில்லை. உன்னை "அண்ணை, அண்ணை" என்றுதான் கூப்பிடுவான். சண்டையில் நீ மற்றவர்களின் காயத்தை ஆற்றுகிறவன். எல்லாரையும் உயிரோடு வைத்திருந்துவிட்டுக் கடைசியில் நீ செத்து விழுவாய். அவர்களுடைய கவசங்களை நீ அடித்துக் கொடுத்தாய், உடைந்ததைத் திருத்திக் கொடுத்தாய்.

முதல் வாள் உனக்கு என்று எல்லாருமாகப் பேசி முடிவெடுத்திருந்தோம். துண்டுகளைச் சேர்க்க இரண்டு வருடம் பிடித்தது. உன்னிடம் நாலு துண்டு சேர்ந்தது. உனக்குப் பின்னால் சேர்க்கத் தொடங்கிய வேந்தனிடமும் நாலு. கடைசிப் பூதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் விழுந்தது. அதன் காலடியில் அந்த ஐந்தாம் துண்டு கிடந்தது. நீ கதிரையை விட்டு எழுந்து நின்றாய். 

வேந்தன் அதைத் தனக்கே எடுத்துக்கொண்டான்.

"தம்பி, உது என்ரை முறையெல்லோ?" என்று நீ மெதுவாகத்தான் கேட்டாய்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. உங்களுக்கு வாள் என்னத்துக்கு? மீன் வெட்டவோ?"

ஒலிவாங்கிகள் எல்லாம் திறந்திருந்தன. டொரண்டோ சிரித்தது, பாரிஸ் சிரித்தது. எவனோ ஒருவன் மீன் துடிப்பதுபோல உதட்டால் சத்தம் போட்டான். ஒரு பெட்டை, "ஓ, அவையளோ?" என்று கேட்டாள். சாதியைச் சொல்லாமல் சொல்லும் அந்த 'அவையள்' எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியது. கடல் கடந்து, பனி நாட்டில் பிறந்து, ஊரையே காணாத பிள்ளையின் வாயிலும் அது பழுதாகாமல் இருந்தது. நான் கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு, அணியை விட்டுப் போகப்போகிறேன் என்றேன். நீ என் தலையிலிருந்து ஒலிக்கருவியைக் கழற்றினாய்.

"நீ போகாதை. நானும் போகேல்லை."

"உனக்கு மானம் ரோசம் இல்லையோடா?"

"இருக்கு. பொறு."

பிறகு ஒலிவாங்கியில், "தம்பி, துண்டெல்லாத்தையும் கொண்டு வாரும். நான் அடிச்சுத் தாறன்" என்றாய். உன் குரல் எண்ணெய் பூசியதுபோல இருந்தது. வேந்தன் நெகிழ்ந்து போனான். "உங்கடை ஆக்கள் நல்ல விசுவாசமான ஆக்கள் எண்டு அப்பா சொல்றவர்" என்றான். அதையும் கேட்டுக்கொண்டு, "ஓம் தம்பி" என்றாய்.

அடுத்த சனிக்கிழமை நாள் குறித்தார்கள். வேந்தன் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் நேரலையாகக் காட்ட ஏற்பாடு செய்தான். உலைக்களத்தைச் சுற்றி அவனுடைய பட்டாளம் கவசம் மின்ன நின்றது. அவன் ஐந்து துண்டையும் ஒவ்வொன்றாக உன் கையில் தந்தான். நீ உன் நாலு துண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாய். "அதுகள் ஏன் அண்ணை?" என்று கேட்டான். "சூடு இன்னும் கூட வேணும், அதுக்குத்தான்" என்றாய்.

ஒன்பதையும் உலையில் போட்டு வெறும் இரும்பாக உருக்கினாய். அது நடக்கிறபோது யாருக்கும் விளங்கவில்லை. அந்த இரும்பை எடுத்து, அந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவன் முதல் நாளே பழகுகிற ஒரு சாமானைச் செய்தாய். ஒரு சமையல் கத்தி. அதைக் கொண்டுபோய் வேந்தனின் காலடியில் போட்டாய்.

"இந்தா. மீன் வெட்டு."

வேந்தன் அழத் தொடங்கினான். வளர்ந்த ஆண்பிள்ளை, விக்கி விக்கி அழுதான். தகப்பன் படுக்கையில் கிடந்த நாட்களில் இந்த விளையாட்டு ஒன்றுதான் தனக்கு ஆறுதல் என்று முன்பு எங்களுக்குச் சொன்னவன். ஏன் அண்ணை, ஏன் அண்ணை என்றான். நீ ஒலிக்கருவியைக் கழற்றி என் காதில் வைத்து, "கேள் மச்சான், வடிவாய்க் கேள்" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் உன் கலியாணத்திலும் காணவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் கருவியை நான் கழற்றவில்லை. அவன் தொடர்பைத் துண்டிக்கும் வரை கேட்டேன்.

"துண்டுகளை நீயே வைச்சுக்கொண்டு உனக்கு ஒரு வாள் அடிச்சிருக்கலாமே?" என்று பிறகு கேட்டேன்.

"அவன்ரை எச்சில் எனக்கு வேண்டாம்."

"உன்ரையையும் ஏன் போட்டனி?"

"அவங்கள் எனக்குப் பிச்சை போட்ட மாதிரிச் சிரிச்ச நாளிலையே அதுகளும் எச்சில்தான்."

அதற்குப் பிறகு நீ அந்தக் கம்பியூட்டரைத் தொடவில்லை. பின்னேரங்களில் வந்து, என்னோடு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவாய்.

மாரி தொடங்கி ஒழுங்கையில் வெள்ளம் நின்றபோது உனக்குக் காய்ச்சல் வந்தது. சும்மா தடிமன் என்று இரண்டொரு நாள் கசாயம் குடித்தாய். கண் மஞ்சளாகிய பிறகுதான் ஆசுபத்திரிக்கு வரச் சம்மதித்தாய். எலிக்காய்ச்சல் என்றார்கள். நான் உன் கட்டிலருகே நின்றபோதுதான் வேந்தனின் குரல் செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. உனக்குச் சுகமில்லை என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை உன் காதோடு வைத்து ஓடவிட்டேன். "அண்ணை, நான் கதைச்சது பெரிய பிழை. அப்பாவும் இப்ப இல்லை. வாள் போனது போகட்டும். என்னை மன்னிச்சன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

நீ கண்ணை மூடிக்கொண்டே முழுவதையும் கேட்டாய். திரும்பவும் போடச் சொன்னாய். மனம் இளகிவிட்டாய் என்று நினைத்தேன். "அழுறானோ?" என்று கேட்டாய்.

"ஓம். அழுறான் போலத்தான் கிடக்கு."

"அழட்டும்" என்றாய். காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டு, "மன்னிக்கேல்லை எண்டு சொல்லு. மறந்துபோகாமல் சொல்லு" என்றாய். அதன் பிறகு நீ கதைத்தது உன் மனைவியோடு மட்டும்தான். மறுநாள் விடிய நீ இல்லை.

சொன்னதைச் செய்தேன். "ஆள் மோசம் போனார். உம்மை மன்னிக்கேல்லையாம்" என்று ஒரே செய்தியாக அனுப்பினேன். அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அதில் மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது.

போன ஆவணியில் அவன் கோயில் திருவிழாவுக்காக ஊருக்கு வந்தவன் என் கடைக்கும் வந்தான். மெலிந்த பொடியன், கண்ணாடி போட்டிருந்தான். தோளில் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். உன் வீட்டுக்குப் போயிருக்கிறான். உன் மனைவிக்கு அவன் யாரென்றே தெரியாது. சோடா உடைத்துக் கொடுத்து, வந்ததற்கு நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறாள். அது அவனுக்குப் போதவில்லை.

"அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ. அவரின்ரை இடத்தில நிண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்றான். கை கூப்பினான்.

நேரம் காலை பதினொன்றுகூட ஆகவில்லை. "கடை பூட்டப்போறன் தம்பி" என்றேன். அவன் விளங்காமல் நின்றான். நான் எழுந்து விளக்கை அணைத்து, அவனை வெளியே விட்டு, உண்மையாகவே இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினேன். வீடு வரை நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவன் அந்த வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

உனக்காகச் செய்தேன் என்று சொல்ல வரவில்லை. நீ சாம்பலாகிக் கடலில் கரைந்து போனவன், உனக்கு இனி ரோசம் ஏது? அவனுக்கு ஒரு சொல் கொடுத்திருந்தால் எனக்கு ஒன்றும் குறைந்திருக்காது. அவன் இனியும் வருவான். அவன் அப்படிப்பட்ட ஆள்தான் என்று இப்போது தெரிகிறது. வந்தால் மறுபடியும் பூட்டுவேன். நீ என்னிடம் விட்டுப் போனது 'மன்னிக்கேல்லை' என்ற அந்த ஒரு சொல்தான். அன்று கதவை இழுத்தபோது எனக்கு நன்றாக இருந்தது.