துண்டு மூடிய மைனா

12 நவம்பர் 1967, ஞாயிறு

ஜொகூரிலிருந்து இவர் ஒரு மைனா கொண்டுவந்திருக்கிறார். எல்லை தாண்டும்போது உட்லண்ட்ஸ் சுங்கத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயந்து, கூடையைத் துண்டால் மூடி மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாராம்.

"சந்தையில ஒரு சீனர்கிட்ட இன்னிக்குத்தான் வாங்குனேன் லா" என்றார்.

சாயங்காலம் இவர் குளித்துக்கொண்டிருந்தபோது மைனா வாயைத் திறந்தது.

"என்னங்க..."

தமிழ். அதுவும் பெண் குரல். என் குரல் இல்லை, இழுத்துக் கொஞ்சுகிற குரல். முன்பு ஏதாவது தமிழ் வீட்டில் வளர்ந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் குளியலறையிலிருந்து பதில் வந்தது.

"இதோ வந்துட்டேன்மா!"

நான் கூப்பிட்டால் நாலாவது தடவைதான் "என்ன?" என்பார்.

இப்போது அவர் தூங்குகிறார். துண்டை எடுத்துவிட்டேன். இன்னும் என்னென்ன சொல்கிறதோ, சொல்லட்டும்.