பாடாங்கில் ஐந்து பந்தி

ஆடி 4, ஞாயிறு

விடியற்காலை தூறல். எட்டு மணிக்கெல்லாம் வெயில். குடைக்கம்பி ஒன்று உடைந்து தொங்குகிறது.

இன்று செய்ய நினைத்தவை: குடை ரிப்பேர். ஊருக்குக் கடிதம் (மூன்று வாரமாகத் தள்ளிப்போகிறது). செண்பகத்துக்கு மருதாணி. பல்வலிக்குக் கிராம்புத் தைலம். செய்தது கிராம்புத் தைலம் மட்டும்.

மச்சினன் தங்கராசு மதியம் சாப்பிட வந்தான். செண்பகத்தின் ஒரே தம்பி. ஈப்போவில் ரயில்வே வேலை உறுதியாகிவிட்டதாம், அடுத்த ஞாயிறு புறப்பாடு. அதற்கு முந்தின நாள் பாடாங் மைதானத்தில் பந்தாட்டக் கோப்பைக்கான கடைசி ஆட்டம். நம் கலப்பு அணிக்கும் வெள்ளைக்காரப் பட்டாளத்தாருக்கும். தமிழன், மலாய்க்காரன், சீனன் எல்லாரும் சேர்ந்த அணி. இடது ஓரத்தில் இவன். சிங்கப்பூரில் இனி இவன் ஆட்டம் கிடையாது.

செண்பகம் எனக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றிக்கொண்டே, "ஒண்ணு விடாமப் பார்த்துட்டு வந்து சொல்லணும். போன தடவை சொன்ன மாதிரி," என்றாள்.

போன தடவை சொன்ன மாதிரி!

வேறு யாரும் திறக்காத நோட்டு என்பதால் எழுதுகிறேன். போன தடவை நான் எதையும் பார்க்கவில்லை. அதற்கு முந்தின தடவையும் இல்லை. என் உயரம் ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு. மூன்று வருஷமாகப் பாடாங்குக்குப் போய் நான் பார்த்ததெல்லாம் முதுகு. சட்டை போட்ட முதுகு, சட்டை போடாத முதுகு, வேர்க்குரு வந்த முதுகு. கூட்டம் கத்தினால் நானும் கத்துவேன். யார் அடித்தது என்று பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்வேன். வீட்டுக்கு வந்து, பந்து ஆகாயத்தில் மூன்று சுற்றுச் சுற்றியது, கோல் காக்கும் கோலி மல்லாக்க விழுந்தான் என்று அரை மணி நேரம் அளப்பேன். அந்த நெரிசலுக்குள் அவள் வர வழியில்லை. தம்பியின் ஆட்டம் என்பது அவளுக்கு நான் சொல்வதுதான். கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி நிறுத்துவது?

வெட்கமாக இருக்கிறது. இந்த ஒரு தடவையாவது என் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஆடி 5, திங்கள்

வெக்கை. துறைமுகத்தில் ரங்கூன் அரிசிக் கப்பல். காலை முதல் மூட்டை எண்ணினேன். கண்ணை மூடினாலும் மூட்டை.

சாயந்திரம் ராவுத்தர் கடையில் சாயா. (இனி ரா. என்று எழுதுகிறேன். தேக்கா சந்தைக்கு எதிர்ச் சாரியில் கடை. மாலையில் பந்தாட்டப் பைத்தியங்கள் கூடும் மடம்.) இன்று ஒரே பேச்சு, உட்கார இடம். வழக்கமாக வெள்ளைக்காரர் கிளப் பக்கத்தில் பிரம்பு நாற்காலி, நம் பக்கத்தில் நிற்கக் கயிறு மட்டும். இந்த முறை நம் பக்கமும் பெஞ்சு போடுகிறார்கள் என்று டிராம் கண்டக்டர் சுப்பையா செய்தி கொண்டுவந்தான்.

"இருநூறு பேர் உட்காரலாம். என் டிராம்ல வந்த தொரையே சொன்னாரு."

ரா. சாயாவை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "அந்தத் தொர உங்கிட்டதான் வந்து சொல்லணுமாக்கும். அம்பதுக்கு மேல தேறாது."

"நூத்தம்பது!"

"சரி, ஒனக்காக அறுபது."

இப்படி ஏலம் போட்டுக்கொண்டே ஏழு மணியாகிவிட்டது. எனக்கு வந்த எரிச்சல்! எண்ணுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருத்தன் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆடி 6, செவ்வாய்

வேலை முடிந்ததும் நேரே பாடாங். பெஞ்சுகள் ஆலமரத்தடியில் அடுக்கிக் கிடந்தன. எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டுதான். நீளத்தை முழம் போட்டுப் பார்த்துக்கொண்டேன். ஏறக்குறைய ராவுத்தர் கடைப் பெஞ்சின் நீளம்.

கடையில் சொன்னதும் புதுச் சண்டை. ஒரு பெஞ்சுக்கு எத்தனை பேர்? சுப்பையா எட்டு என்கிறான், ரா. ஆறு என்கிறார். பேச்சு எதற்கு என்று கடைப் பெஞ்சைக் காலி செய்து ஆட்களை உட்கார வைத்தோம். ஏழு பேர் சரியாக இருந்தது. எட்டாவதாக இடித்துக்கொண்டு உட்கார்ந்த சுப்பையா மறு ஓரத்தில் இருந்தவரைக் கீழே தள்ளிவிட்டான். சாயா ஒன்று கொட்டியது.

ஏழு என்று முடிவு செய்து பேசிக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. ஒருவர் காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் மடித்து வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். அப்புறம் எல்லாரும் சம்மணம். இரண்டு பேர் எழுந்து நிற்கும்படி ஆகிவிட்டது.

ரா. சிரித்த சிரிப்பில் பனியன் குலுங்கியது. "பார்த்தீங்களா! ஒரு மணி நேர ஆட்டத்துக்கு எவன் காலைத் தொங்கப் போட்டுகிட்டு இருப்பான்? நம்ம ஆளுக்கு ஒரு பெஞ்சு அஞ்சு பேருதான்."

ஆக, அறுபது. நேற்று வாய்க்கு வந்ததைச் சொன்ன மனுஷர் ஜெயித்துவிட்டார். வருவதோ நானூறு பேர். இடித்துப் பிடித்து உட்கார எனக்குத் தோளும் இல்லை. அறுபதில் எனக்கு ஒன்று கிடைக்கும் என்று நினைக்கவே சிரிப்பு வருகிறது.

செண்பகம் தம்பிக்கு முறுக்கு மாவு இடித்து வைத்திருக்கிறாள். வீடெல்லாம் எள் வாசனை.

ஆடி 7, புதன்

பல்வலி தேவலை. குடை அப்படியே.

இன்று கடையில் கோவிந்தசாமி. இவரைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். கண்டாங் கெர்பாவ் பக்கம் மாட்டு வண்டி வைத்திருக்கிறார். மற்ற நாளில் இருக்கும் இடம் தெரியாது. கல்யாணம், கோயில் அன்னதானம் என்றால் பந்தி விசாரிப்பது இவர்தான். எத்தனை கூட்டம் வந்தாலும் ஒரு கண்வீச்சில் கணக்கு, ஒரு கையசைப்பில் வரிசை. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பந்தாட்டம் இதுவரை பார்த்ததே கிடையாதாம்.

மூலையில் உட்கார்ந்து எங்கள் சண்டையை முழுக்கக் கேட்டார். சாயா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "கிளார்க்கையா, பெஞ்சை எங்க போடுறாங்க?" என்றார்.

"கயித்தை ஒட்டி. முன்னால."

"அதான் தப்பு. பெஞ்சைப் பின்னால தள்ளுங்க. அதுக்கு முன்னால மூணு பந்தி தரையில உட்காரட்டும். நாலாவது பந்தி பெஞ்சு. அஞ்சாவது நிக்கிறவங்க. குட்டையானவங்க முன்னால, நெட்டையானவங்க கடைசி. யாரும் யாருக்கும் மறைக்க மாட்டாங்க."

மூன்று நாளாகக் கத்தினோம். இருக்கும் பெஞ்சில் எத்தனை பேர் என்றே கணக்குப் போட்டோமே தவிர, தரையில் உட்காரப் பிறந்தவர்கள் நாம் என்பது ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

சுப்பையா மட்டும், "யாரு சொன்னா கேப்பாங்க?" என்றான்.

"பசியோட வர்றவனே கேக்குறான்," என்றார் கோவிந்தசாமி.

ஆடி 8, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. பாடாங் மண்டோரைப் பார்த்தோம், நானும் கோவிந்தசாமியும் (இனி கோ.). மைதானத்து ஆட்களை மேய்க்கும் மலாய்க்காரர், நரைத்த மீசை. எனக்குத் தெரிந்த மலாயில் நான் உளறினேன். கோ. பேசவே இல்லை. புல்லில் குச்சியால் ஐந்து கோடு கிழித்துக் காட்டினார். கடைசிக் கோட்டருகே நின்று எம்பினார், முதல் கோட்டருகே சம்மணமிட்டு உட்கார்ந்தார். மண்டோர் முகம் மலர்ந்துவிட்டது.

"பொலே லா, பொலே!" தாராளமாகச் செய்யலாமாம். ஒரே நிபந்தனை, வெள்ளைக் கோட்டை யாரும் மிதிக்கக் கூடாது.

என்ன மனிதர்கள்! இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை இல்லை. கை குலுக்கிக்கொண்டு போனார்கள்.

ஆடி 9, வெள்ளி

மழை. காலை பத்து முதல் மூன்று வரை பேய் மழை. துறைமுகத்தில் வேலை நின்றுபோயிற்று. உடைந்த குடையோடு நனைந்து, தும்மல்.

பாடாங் சேறாகியிருக்கும். வெள்ளை வேட்டிக்காரன் எவன் அதில் உட்காருவான்? ஒருத்தன் எழுந்தால் எல்லாரும் எழுவார்கள். மறுபடி எனக்கு முதுகுதான். மனசு விட்டுப்போயிற்று. நாளைக்கு என்ன பொய் சொல்லலாம் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். சீ.

மாலை கடையில் ரா. இல்லை. ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறாராம். ஆறு மணிக்கு மாட்டு வண்டியில் வந்து இறங்கினார், கோ. வண்டிதான். வண்டி நிறையக் கித்தான். தொங்கான் படகுகளில் சரக்கு நனையாமல் மூடும் முரட்டுத் துணி, கீல் வாசனை மூக்கைத் துளைக்கிறது. தொங்கான்காரர்கள் எல்லாம் ராவுத்தரின் ஊர்க்காரர்கள், ஒரு நாளைக்கு இரவல்.

"பந்திக்குப் பாய் வேணாமா?" என்றார் ரா. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தும்மலால் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆடி 10, சனி

தெளிந்த வானம். கடல் காற்று. அரை நாள் வேலை.

மூன்று மணிக்கே பாடாங். கித்தான் விரித்தோம். நாலு மணிக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. நாலரைக்குக் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தமிழர், மலாய்க்காரர், ஜடை பின்னிய சீனக் கிழவர்கள், பாங்கு வாசலில் காவல் நிற்கும் சீக்கியர் இரண்டு பேர்.

கோ. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான். இனிமேல் அது மைதானம் இல்லை, கல்யாண வீடு.

"வாங்க, வாங்க. இப்படி உக்காருங்க. இந்தப் பந்தி நிறைஞ்சாச்சு, ஐயா அடுத்ததுக்கு வாங்க."

கை காட்டுகிறார், உட்காருகிறார்கள். பாஷை தெரியாதவர்களும் உட்காருகிறார்கள். சீனக் கிழவர் ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். சீக்கியர் இருவரையும் கோ. அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டு, கடைசி வரிசையைக் காட்டினார். அவர்கள் தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டு சிரித்தபடியே போனார்கள். கப்பல் கூலி ஒருவன், முரடன், முன்னால் போய் நின்றான். கோ. சண்டை போடவில்லை. அவன் எதிரில் கைகூப்பியபடி நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பின்னால் இருநூறு பேர் பார்க்கிறார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

என்னை முதல் பந்தியில், நட்டநடுவில் உட்கார வைத்தார். மானம் போகிறது என்று ஒரு நிமிஷம் இருந்தது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முன்னால் புல். அதற்கு மேல் ஒன்றுமே இல்லை.

பச்சை இவ்வளவு பச்சையா!

பட்டாளத்தார் ஆட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஆறடி ஆட்கள், நிழல் மாதிரி சத்தமில்லாமல் ஓடுகிறார்கள். முதல் பாதியில் ஒன்று போட்டார்கள். தங்கராசு மெல்லிசாகத் தெரிந்தான். இவ்வளவு வேகமாக ஓடுவான் என்று எனக்குத் தெரியாது. விழுவான், எழுவான், முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடுவான். ஓடும்போது உதட்டைக் கடிக்கிறான், அக்காள் அரிவாள்மணையில் தேங்காய் கீறும்போது கடிப்பாளே, அதே மாதிரி. மூன்று வருஷமாக இது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

இரண்டாம் பாதியில் அடித்தான். எனக்கு நேர் எதிரே.

ஒருத்தரும் எழவில்லை! உட்கார்ந்த இடத்திலிருந்தே அத்தனை பேரும் கத்தினார்கள். தரை அதிர்ந்தது.

கோ. அதைப் பார்க்கவில்லை. ஆட்டம் முழுவதும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்தபடிதான் நின்றார். "ஒரு தடவை திரும்பிப் பாருங்களேன்," என்றேன். "பந்தி எழுந்திரிக்கட்டும்," என்றார்.

கடைசியில் அவர்கள் இன்னொன்று போட்டார்கள். தோற்றோம், இரண்டுக்கு ஒன்று. அவர்கள் கோலி நடந்து வந்து தங்கராசுவின் தோளில் தட்டிக்கொடுத்தான். பெரிய மனசு. வெள்ளைக் கோட்டில் ஒரு காலடி கூட இல்லை. மண்டோர் ஓரமாக நடந்து நடந்து பார்த்து, கோ.வைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தேன். செண்பகம் மணையைப் போட்டு, எதிரில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"ம், சொல்லுங்க."

"அடிச்சான்," என்றேன்.

அவள் காத்திருந்தாள். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பந்து சுற்றியதா, தெரியாது. கோலி விழுந்தானா, தெரியாது. அவன் முகம் மட்டும் அப்படியே நிற்கிறது, அதை எப்படிச் சொல்வது? கையை இப்படித் தூக்கினேன், கீழே போட்டேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் எழுந்து போய்ச் சோறு போட்டாள். கோபமோ என்னவோ.

ஆடி 11, ஞாயிறு

காலையில் இளவெயில். டாங்க் ரோடு ஸ்டேஷன். தங்கராசுவின் சாமான்: டிரங்குப் பெட்டி ஒன்று, முறுக்கு டின் இரண்டு, பந்தாட்ட பூட்ஸ் கழுத்தில். முழங்காலில் மஞ்சள் பற்று. ரா. பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பியிருந்தார். நல்ல கூட்டம், ஆனாலும் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

மணி அடித்துவிட்டார்கள். அவன் ஜன்னலில் தலையை நீட்டி, "அத்தான், நீங்க ஒண்ணுமே சொல்லலியே. நேத்து என் கோல் எப்படி இருந்துச்சு?" என்றான்.

செண்பகம் முந்திக்கொண்டாள்.

"அவரைக் கேக்காதடா. நேத்துதான் அவரு நெசமாவே பார்த்திருக்காரு."